நாற்பத்தொன்றாம் எண்ணின் மூடி

விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி எங்கள் ஆராய்ச்சி நிலைய இயக்குநர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. மேடம் ஓய்வு பெறுகிறார், பாராட்டு விழா நடக்கப்போகிறது, அவரோடு இருபத்தேழு வருஷம் ஒரே லேபில் குப்பை கொட்டியவன் நான் ஒருவன்தான், அதனால் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை நான்தான் எழுத வேண்டுமாம். "சுருக்கமா, சுவையா, கொஞ்சம் நெகிழ்ச்சியா" என்று வேறு சொல்லிவிட்டிருந்தார்கள். நெகிழ்ச்சியாம்! நான் லேப் டெக்னீஷியன். என் வாழ்நாளில் நான் அதிகம் எழுதியது டியூப் மூடிமேல் நம்பர்.

இருந்தாலும் உட்கார்ந்தேன். "எச்.ஐ.வி. ஆராய்ச்சியில் உலகமே திரும்பிப் பார்த்த கட்டுரையைத் தந்தவர்" என்று முதல் வரி எழுதினேன். அடித்தேன். தந்தவர் என்பது உண்மையா? உண்மைதான். கட்டுரை உண்மையா? அங்கேதான் இடித்தது. மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். என் வீட்டுக்காரி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்ன, அரை மணி நேரமா ஒரே வரியை எழுதி எழுதி அடிச்சிட்டிருக்கீங்க? கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு லெட்டர் எழுதினப்பகூட இவ்வளவு யோசிக்கலையே" என்றாள்.

"அப்பதான் யோசிச்சிருக்கணும்" என்றேன். அன்று சாயங்காலம் எனக்குக் காபி கிடைக்கவில்லை.

கடைசியில் விழா மலருக்கு வேறு யாரோ எழுதிக் கொடுத்தார்கள். இது அவர்களிடம் கொடுக்க முடியாமல் போன பக்கங்கள். கோர்வையாக வருமா தெரியாது. எனக்கே இன்னும் பாதி புரியவில்லை.

மேடத்தின் அப்பா ஒரு மருந்துக்கடையில் விற்பனையாளர். மேடம் படித்தது மாடுகளுக்கு வரும் வைரஸ்களைப் பற்றி. எச்.ஐ.வி. பக்கம் வந்தது ஆசைப்பட்டு அல்ல. அந்தக் காலத்தில் அதைத் தொட யாரும் தயாராக இல்லை, எல்லாரும் கையை உதறிக்கொண்டதும் புதிதாக வந்தவர் தலையில் கட்டினார்கள். மூன்றாம் மாடியில், கடைக்கோடியில், கழிப்பறைக்குப் பக்கத்து அறை. உதவிக்கு என்னைப் போட்டார்கள். நானும் புதிது. நாங்கள் ஏறினால் லிஃப்டிலிருந்து மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள். கேன்டீனில் எங்கள் இருவருக்கும் தனி கப், கைப்பிடியில் சிவப்பு பெயின்ட் அடித்து. படித்த ஜனங்கள், ஐயா! வைரஸ் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று பாடம் நடத்துகிறவர்கள்! எனக்கு ஆத்திரம் தாங்காமல் ஒரு நாள் என் கப்பைத் தரையில் போட்டு உடைத்தேன். மேடம் உடைக்கவில்லை. அந்தச் சிவப்பு பெயின்ட்டை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்துவிட்டு, கப்பைக் கழுவி மற்ற கப்புகளோடு கலந்து வைத்துவிட்டு வந்துவிட்டார். எது எங்கள் கப் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. மொத்தக் கட்டடமும் இரண்டு நாள் டீ குடிக்க முடியாமல் தவித்தது. அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை.

வேலையில் அவர் ஒரு பிடிவாதக்காரி. எந்த முடிவைக் கொண்டுபோய்க் காட்டினாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்ப்பார். "நல்லாருக்கு. இன்னொரு தடவை பண்ணிப் பாருங்க" என்பார். பண்ணிக்கொண்டு போனால், "ரெண்டும் ஒத்துப்போகுது, சந்தோஷம். இன்னொரு தடவை." மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரே 'இன்னொருதடவை'. எனக்கு வைத்த பெயர் 'மூடி'. அதற்குக் காரணம் நானே தேடிக்கொண்டது.

எங்கள் சரக்கெல்லாம் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் இருக்கும். சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக் டியூப்கள், பெட்டிக்கு எண்பத்தொன்று. டியூபின் பக்கவாட்டில் மார்க்கரால் எண் எழுதினால் பனி படிந்து, கையுறை உரசி, ஒரே மாதத்தில் எழுத்து மறைந்துவிடும். ஸ்டிக்கர் ஒட்டினாலோ குளிரில் உரிந்து பெட்டிக்கடியில் கிடக்கும். நான்தான் ஒரு யோசனை சொன்னேன். மூடிமேல் எழுதிவிடுவோம், பெட்டியைத் திறந்ததும் எல்லா எண்ணும் வரிசையாகத் தெரியும், ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்க வேண்டாம். "அட, இது எனக்குத் தோணவேயில்லையே!" என்றார் மேடம். பக்கத்து லேப்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டு அப்படியே செய்தார்கள். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். மூடி கழற்றி மாட்டக்கூடிய சாமான் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அந்த வயதில் என் புத்தியை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தையல்கார அக்கா எங்களிடம் வந்தது அதற்கு மறு வருஷம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னக் கடை. ஜிப் மாற்றுவது, பேன்ட் நீளம் குறைப்பது, திரைச்சீலை தைப்பது. கணவர் எலக்ட்ரீஷியன். எச்.ஐ.வி. வந்து இரண்டே வருஷத்தில் எலும்பும் தோலுமாகிப் போய்ச் சேர்ந்தார். எங்கிருந்து வாங்கி வந்தார் என்று கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. அவர் மூலமாக அக்காவுக்கும் வந்திருந்தது. ஆனால் அக்காவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஏழு வருஷம் ஓடியும் ஒரு காய்ச்சல் இல்லை, மாத்திரை இல்லை, ரத்தத்தில் வைரஸ் இருப்பதே தெரியாத அளவுக்குக் கொஞ்சம். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆச்சரியப்பட்டு எங்களிடம் அனுப்பிவைத்தார்கள். எங்கள் பதிவேட்டில் அவருக்கு எண் நாற்பத்தொன்று.

ஊசியைப் பார்த்து முகம் சுளிக்கிற ஆள் இல்லை அக்கா. "எடுங்க தம்பி, எடுங்க. உங்களுக்கு வேணும்கற அளவு எடுத்துட்டு மிச்சத்தை எனக்கு விட்டு வெச்சா போதும்" என்று கையை நீட்டுவார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் வந்தார். கேட்டதற்கெல்லாம் சரி என்றார்.

அவர் ரத்தத்திலிருந்து வைரஸை வளர்த்தெடுத்தோம். அதே வாரத்தில் முப்பத்தெட்டாம் எண்காரர் ஒருவரின் வைரஸையும் வளர்த்தோம். குடையோடு வந்து ஒரே ஒரு தடவை ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர், பிறகு தலைகாட்டவேயில்லை. இரண்டும் வளர்ந்தன, இரண்டையும் டியூப்களில் ஊற்றி மூடி போட்டு ஃப்ரீசரில் வைத்தோம். அப்புறம் எடுத்துப் படித்துப் பார்த்தபோதுதான் அந்த அதிசயம். வைரஸுக்குள் நீளமாக ஒரு எழுத்துச் சரம் இருக்கும், அதன் சமையல் குறிப்பு மாதிரி. நாற்பத்தொன்றாம் எண்ணில் அந்தச் சரத்தில் ஒரு துண்டைக் காணோம். அந்தத் துண்டு இல்லாவிட்டால் வைரஸ் சாகாது, ஆனால் அதனால் ஓட முடியாது. நான் அதற்கு நொண்டி வைரஸ் என்று பெயர் வைத்தேன். மேடம் திட்டினார். பிறகு அவரே அப்படித்தான் சொல்லத் தொடங்கினார்.

அக்காவிடம் சொல்ல நாங்கள் இருவரும் கடைக்கே ஓடினோம். "உங்களுக்கு வந்திருக்கிறது நொண்டி வைரஸ். அதனாலதான் உங்களை ஒண்ணும் பண்ண முடியல" என்றார் மேடம். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அக்கா தைப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார். "எனக்கு வந்தது அவர்கிட்டேருந்துதானே?"

"ஆமா."

"அவரை ரெண்டு வருஷத்துல தூக்கிட்டுப் போச்சே. அவருக்கு மட்டும் எப்படி நல்லா ஓடிச்சு?"

மேடம் ஒரு கணம்தான் தயங்கினார். ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்குப் போகும்போது வைரஸ் மாறும், அப்படி வரும் வழியில் காலை ஒடித்துக்கொண்டிருக்கும் என்று விளக்கினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் தலையை ஆட்டினேன். அக்காவும் ஆட்டினார்.

கட்டுரை வந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் விழா மலரில் இருக்கிறது. இரண்டாயிரத்து நூற்று நாற்பது ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைகளில் இவருடைய கட்டுரையை மேற்கோள் காட்டினார்கள். நொண்டி வைரஸை வைத்துத் தடுப்பூசி செய்ய முடியுமா என்று எங்கெங்கோ கூட்டம் போட்டார்கள். கழிப்பறைக்குப் பக்கத்து அறை போய் ஜன்னல் வைத்த பெரிய லேப் வந்தது. லிஃப்டில் எங்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இன்னொருதடவை மேடம் இதையும் இன்னொரு தடவை செய்யாமல் விடவில்லை. அக்காவின் ரத்தத்திலிருந்து வைரஸை மறுபடி வளர்க்க இரண்டு முறை முயன்றார். இரண்டு முறையும் வளரவில்லை. "நொண்டிதானே, எப்படி வளரும்?" என்று நான்தான் சொன்னேன். அவரும் அதை ஒத்துக்கொண்டு, பழைய டியூபை வைத்தே வேலையைத் தொடர்ந்தார். வாழ்க்கையில் அவர் மூன்றாவது தடவை கேட்காமல் விட்டது அது ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன்.

வருஷங்கள் ஓடின. நல்ல மாத்திரைகள் வந்தன. எச்.ஐ.வி. உள்ளவர்கள் எல்லாருமே, உடம்பு நன்றாக இருந்தாலும், மாத்திரை எடுக்க வேண்டும் என்று ஆனது. ஆஸ்பத்திரி டாக்டர் அக்காவிடம் சொன்னால் அக்கா சிரிப்பார். "நொண்டியை அடிக்கிறதுக்கு எதுக்கு டாக்டர் தடி?" டாக்டர் மேடத்திடம் கேட்டு எழுதினார். கவனமாகப் பார்த்துக்கொண்டே காத்திருக்கலாம் என்று மேடம் பதில் எழுதி, கையெழுத்துப் போட்டார். உலகப் புகழ் பெற்றவர் சொன்னால் யார் மறுப்பார்கள்?

போன வருஷத்திலிருந்து அக்காவின் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. நோயை எதிர்க்கும் அணுக்களின் எண்ணிக்கையைச் சொல்கிறேன். தொள்ளாயிரத்தில் இருந்தது அறுநூற்று நாற்பது ஆனது. அடுத்த ஆறு மாதத்தில் நானூற்று எழுபது. அக்கா கொஞ்சம் இளைத்தும் தெரிந்தார். மேடம் சோற்றில் கை வைக்காமல் டிபன் பாக்ஸை மூடி வைத்தார். "நொண்டிக்குக் கால் முளைச்சிடுச்சா?" என்றார். அப்படி நடப்பது உண்டாம். பார்த்துவிட வேண்டியதுதான் என்று, புதிதாக வந்திருக்கும் மெஷினில் அக்காவின் ரத்த அணுக்களைப் போட்டோம். அந்த மெஷினுக்கு வைரஸை வளர்த்துத் தர வேண்டியதில்லை. அணுவுக்குள் அது பதுங்கியிருக்கும் இடத்திலேயே படித்துவிடும். போன மாத ரத்தத்தையும் போட்டோம், இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் முதல் நாள் எடுத்துப் பத்திரமாக வைத்திருந்த அணுக்களையும் போட்டோம்.

போன மாத ரத்தத்தில் வைரஸ் முழுசாக இருந்தது. ஒரு துண்டும் காணாமல் போகவில்லை. சரி, கால் முளைத்துவிட்டது என்று நினைத்தோம். அடுத்து முதல் நாள் அணுக்கள். அதிலும் முழுசு.

"இன்னொரு தடவை" என்றார் மேடம்.

இன்னொரு தடவை. முழுசு. இன்னொரு தடவை. முழுசு. நாலாவது தடவை மேடம் என்னை நகரச் சொல்லிவிட்டு அவரே கையுறை மாட்டிக்கொண்டு செய்தார். முழுசு. நாற்பத்தொன்று என்று மூடி போட்ட அந்தப் பழைய வைரஸ் டியூபை எடுத்துப் படித்தால் நொண்டி. எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஒரே ஆள், ஒரே நாள் ரத்தம், அணுவில் ஒன்று, டியூபில் வேறொன்று. நான் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றேன். மேடம் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தவர், "முப்பத்தெட்டோட அணுக்கள் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. படித்தோம். நொண்டி அங்கே இருந்தது.

அன்றைக்கு அந்த வாரத்து வைரஸ்களை டியூப்களில் ஊற்றும்போது, திறந்து வைத்த இரண்டு டியூப்களின் மூடிகள் இடம் மாறிப் போயிருக்கின்றன. இவருடைய மூடி அவருக்கு, அவருடைய மூடி இவருக்கு. நொண்டி வைரஸ் முப்பத்தெட்டாம் எண் குடைக்காரருடையது. அக்காவின் வைரஸ் எந்தக் குறையும் இல்லாத வைரஸ், அவர் கணவரைக் கொன்ற அதே வைரஸ். இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேர் மேற்கோள் காட்டியது, ஒருத்தரின் ஆரோக்கியத்துக்கு இன்னொருத்தரின் வைரஸைக் காரணம் காட்டிய கட்டுரையை.

யார் மாற்றினது? அன்றைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தோம். காலையில் என் கையெழுத்து. மதியத்துக்கு மேல் மேடத்தின் கையெழுத்து. அன்று நான் வீட்டுக்காரியைப் பல் பிடுங்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், அது நினைவிருக்கிறது. டியூப்களில் ஊற்றியது நான் போவதற்கு முன்னாலா பின்னாலா என்று மட்டும் எழுதவில்லை. "நான்தான் மேடம். மூடியே என் யோசனை" என்றேன். "இல்ல, ஊத்தினது நான். எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். "உங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? எனக்கே இல்ல!" என்று கத்தினேன். ஒரு தப்புக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடிச் சண்டை போட்ட கூத்து எங்கள் லேபில்தான் நடந்திருக்கும். இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் என் கைதான் என்று தோன்றுகிறது, இன்னொரு நாள் அவர் கை என்று தோன்றுகிறது.

குடைக்காரரைத் தேடினோம். விலாசத்துக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்தது. நொண்டி வைரஸை வைத்துக்கொண்டு எங்கேயோ நன்றாக இருக்கிறாரோ, இல்லை வேறு எதிலாவது போய்விட்டாரோ, அதுவும் தெரியவில்லை.

இயக்குநரிடம் போய்ச் சொன்னோம். மனிதர் நாற்காலியிலேயே அரை அங்குலம் குறைந்துவிட்டார். "விழா முடியட்டுமே மேடம். இத்தனை வருஷம் தெரியாம இருந்தது இன்னும் மூணு வாரம் தெரியாம இருந்தா என்ன குடி முழுகிடும்?" என்றார். மேடம் எழுந்து வந்து, அன்று மத்தியானமே கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதி அனுப்பினார். ஒரு பக்கம்தான். தப்பு என்னுடையது என்று ஒருமையில் எழுதியிருந்தார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. அதோடு கஷ்டமான காரியம் முடிந்தது என்று நினைத்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் போனால் மேடத்தின் முகம் மாறியிருந்தது. தூங்கவில்லை, ஆனால் கண் பளபளத்தது. "யோசிச்சுப் பாத்தீங்களா? வைரஸ் நல்லாத்தான் இருந்திருக்கு. அந்தம்மா உடம்புதான் அதைப் பிடிச்சு வெச்சிருக்கு, மாத்திரையே இல்லாம, முப்பது வருஷத்துக்கு மேல! எப்படி? இதைத்தான் நாம கேட்டிருக்கணும். நாம வைரஸைப் பாத்துட்டே இருந்துட்டோம், ஆளைப் பாக்கவே இல்ல" என்றார். அப்புறம் மேஜையில் இருந்த, அக்கா கையெழுத்துப் போட வேண்டிய ஒரு ஒப்புதல் படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

சாதாரண ரத்தம் போதாதாம். வேறொரு ஊரில் ஒரு மெஷின் இருக்கிறது. மூன்று மணி நேரம் படுக்க வைத்து ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்தெடுக்கும். இரண்டு தடவை எடுக்க வேண்டும், நடுவில் இடைவெளி விட்டு. எல்லாம் முடிய நாலு மாதம். அதுவரை அக்கா மாத்திரை தொடங்கக் கூடாது. தொடங்கிவிட்டால் வைரஸைப் பிடித்து வைத்திருப்பது உடம்பா மாத்திரையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்புறம் எப்போதும் முடியாது.

"எண்ணிக்கை இறங்கிட்டே வருது மேடம்" என்றேன்.

"நாலு மாசத்துல ஒண்ணும் ஆகாது."

"நிச்சயமா?"

கண்ணாடியைக் கழற்றினார். "ஆகாதுன்னு நெனைக்கிறேன். தெரியல" என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "நெனைக்கிறேன், நெனைக்கிறேன்னு சொல்லித்தானே அவங்களை மாத்திரை இல்லாம இவ்வளவு நாள் உக்கார வெச்சோம்! இன்னும் ஆசை விடலையா உங்களுக்கு?" என்று கேட்டேவிட்டேன். இருபத்தேழு வருஷத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் திருப்பித் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் யோசித்தால் எனக்கே குழப்பம். அந்தப் பதில் கிடைத்தால் எத்தனை பேருக்கு உபயோகம்? நாலு மாதம் நிஜமாகவே ஒன்றும் ஆகாதோ என்னவோ? எது சரி என்று கேட்டால் இன்றைக்கும் நான் முழிப்பேன்.

ஆஸ்பத்திரி டாக்டரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னோம். அவர் அக்காவின் பழைய பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்றைக்கே தொடங்கலாம், திங்கட்கிழமை என்னை வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றார். மாத்திரை டப்பாவும் மேடத்தின் கைப்பைக்குள் போனது. இப்போது ஒரே பைக்குள் இரண்டும். வழி நெடுக நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு போனேன்.

கடையில் அக்கா ஏதோ ஓட்டலுக்கு ஜன்னல் திரை தைத்துக்கொண்டிருந்தார். துணி கடை முழுக்கப் பரவிக் கிடந்தது. "வாங்க, வாங்க. என்ன, ரெண்டு பேரும் ஜோடியா மூஞ்சைத் தூக்கி வெச்சுட்டு வர்றீங்க? ஊசி எங்க தம்பி?" என்றார்.

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. மூடி மாறியது, நொண்டி வைரஸ் வேறொருவருடையது, உங்களுடையது முழு வைரஸ், இப்போது எண்ணிக்கை இறங்குகிறது, உங்களை மாத்திரை இல்லாமல் விட்டது எங்கள் தப்பு. அக்கா தையலை நிறுத்தவில்லை. ஒரு ஓரம் முழுக்கத் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அப்ப அவரு எனக்குக் கொடுத்தது முழுசு."

"ஆமா" என்றார் மேடம்.

"நொண்டி இல்ல."

"இல்ல."

"நீங்க வந்து நொண்டின்னு சொன்ன அன்னைக்குத்தான் நான் அந்த ஆளை மன்னிச்சேன், தெரியுமா உங்களுக்கு? அதுவரைக்கும் அவரு போட்டோவை பீரோ அடியில தள்ளி வெச்சிருந்தேன். அன்னைக்குப் போய் எடுத்துத் தொடச்சு மாட்டினேன். போற நேரத்துல என் மேல ஏதோ ஒரு இரக்கம் இருந்திருக்கு, பாதியைத்தான் கொடுத்துட்டுப் போயிருக்காருன்னு நெனச்சேன். பைத்தியக்காரி. வைரஸுக்கும் அவரு மனசுக்கும் என்ன சம்பந்தம்? ஆனா அப்படித்தான் நெனச்சேன், இத்தனை வருஷமும்." அக்காவின் குரல் உயர்ந்தது. "இப்ப நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க. கொடுத்த மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கவா?"

இதை நாங்கள் எந்த நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைத்திருக்கவில்லை. "எங்களை மன்னிச்சிடுங்க" என்றார் மேடம், அவ்வளவுதான் வந்தது.

"உங்களையுமா? ஒரே நாள்ல எத்தனை பேரைத்தான் நான் மன்னிக்கிறது!" என்றார் அக்கா. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் திரைச்சீலைத் துணியாலேயே துடைத்துக்கொண்டார். "சரி, முழு வைரஸ்னா நான் ஏன் அவரு மாதிரி போகல?"

"நீங்கதான் அதைப் பிடிச்சு வெச்சிருந்தீங்க. உங்க உடம்பு."

"எப்படி?"

"தெரியல."

"இத்தனை வருஷம் ரத்தத்தை எடுத்து எடுத்துப் பாத்தீங்களே!"

"வேற எடத்துல தேடிட்டிருந்தோம்."

அக்கா திரைத் துணியை மடியிலிருந்து இறக்கி வைத்தார். "இப்பத் தேடினா கிடைக்குமா?"

மேடத்தின் கை பைக்குள் போனது. படிவத்தை எடுத்தால் அக்கா கையெழுத்துப் போட்டுவிடுவார், அது எனக்கு நன்றாகத் தெரியும். மேடத்துக்கும் தெரியும். கை உள்ளேயே இருந்தது. வெளியே வந்தபோது அதில் மாத்திரை டப்பா இருந்தது.

"கிடைக்கலாம். ஆனா அதுக்கு நீங்க இன்னும் நாலு மாசம் மாத்திரை போடாம இருக்கணும். நான் அதைக் கேக்கப்போறதில்ல."

"கேளுங்களேன். நீங்க கேட்டு நான் என்னைக்கு இல்லேன்னு சொல்லியிருக்கேன்?"

"அதனாலதான் கேக்கல" என்றார் மேடம். டப்பாவின் மூடியைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். "இதை தினமும் ஒரே நேரத்துல போடணும். திங்கட்கிழமை டாக்டரைப் போய்ப் பாருங்க. இனிமே எங்ககிட்ட வர வேண்டாம்."

அக்கா மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைப் போட்டா அப்புறம் உங்களுக்குத் தெரியாமலே போயிடுமே."

"ஆமா."

"பரவாயில்லையா?"

"பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேன். நீங்க போடுங்க."

அக்கா மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த பாட்டிலை எடுத்து அண்ணாந்து தண்ணீர் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மேடம் அங்கேயே, அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். அக்கா பிழைத்துக்கொள்வார் என்று அழுதாரா, பதில் போய்விட்டதே என்று அழுதாரா, எனக்கு விளங்கவில்லை. அக்கா எழுந்து வந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.